வள்ளல் பச்சையப்பர்

சென்னைக்குத் தெற்கே கடலை ஒட்டிச் செல்லும் பெருவழியில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்னும் ஊர்களைக் கடந்து, ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளுக்கும் அப்பால் செல்வோர் மரக்காணத்தை அடைவர். அங்கே வயல்களைப் போலவே வரப்பிட்டு வகுத்த பாத்திகள் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பரந்து கிடக்கும். ஆனால் அவற்றில் விளைவது நெல் அன்று; உப்பு. கழியின் உவர்நீரைப் பெரிய பாத்திகளில் முதலில் தேக்குவர். வெயிலில் நீர் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திகளுக்கு அதனை மாற்றுவர். இறுதிப் பாத்தியில் உப்புப் பூத்ததும், நீண்ட கைப்பிடி உடைய மரப்பலகையால் வாரி வரப்பின்மேல் ஒதுக்கிக் குவித்து, மழை நனைக்காதவாறு பனையோலையால் மூடி வைப்பர். இத்தனை உழைப்பும் ஒரு நாள் மழைக்கு ஆற்றாது. பருவம் தப்பி வானம் பொழிந்தால் பாத்தியில் பூத்த உப்பு வந்த வழியே நீராகிப் போய்விடும்.

இக்கடற்கரை மிகத் தொன்மையானது. சங்க இலக்கியத்தில் எயிற்பட்டினம் என்று பேசப்படும் ஊர் இம்மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். யவன மாலுமிகள் சோபட்மா என்று குறித்த துறைமுகமும் இதுவே என்பாரும் உளர். இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. இதனைச் சூழ்ந்த நிலப்பகுதி பண்டு ஓய்மாநாடு எனப்பட்டது. அதனை ஆண்ட நல்லியக்கோடன் என்னும் சிற்றரசனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டே நத்தத்தனார் என்னும் புலவர் சிறுபாணாற்றுப்படையைப் பாடினார். அப்புலவரும் இக்கடற்கரையைச் சேர்ந்த இடைக்கழிநாட்டினரே. கடையெழு வள்ளல்களின் பெருமையெல்லாம் சொல்லி, அவ்வெழுவரும் தாங்கிய ஈகையின் பாரத்தைத் தனியொருவனாகத் தாங்குபவன் என்று அவர் நல்லியக்கோடனைப் போற்றினார். பாணன் வறுமையோடு செல்வதும், மன்னன் தேரும் பொருளும் தந்து அனுப்புவதும் அக்காலத்துக் கொடையின் இலக்கணம்.

ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டுகள் கழிந்தபின், அதே கீழைக் கடற்கரையில் வேறொரு வகை வள்ளல் தோன்றினார். அவர் அரசர் அல்லர். படை உடையவரும் அல்லர். வணிகத்தால் பொருள் ஈட்டியவர். தம்மைப் பாடிய பாணனுக்குத் தேர் தந்தவர் அல்லர். தாம் காணாத தலைமுறைகளுக்குப் பொருள் வைத்துச் சென்றவர். அவரே பச்சையப்ப முதலியார்.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டில் பிறந்தார். அவர்தம் தந்தையார் விசுவநாத முதலியார். தாயார் பூச்சி அம்மாள். மகன் பிறக்கும் முன்னரே தந்தையார் இறந்துபட்டார். கணவரை இழந்த அம்மையார், பெண்மக்களையும் வயிற்றில் வளரும் குழந்தையையும் காக்க வழியறியாது, சென்னைக்கு வடமேற்கே ஆரணியாற்றங்கரையில் உள்ள பெரியபாளையத்தில் வந்து தங்கினார். அங்கேதான் பச்சையப்பர் பிறந்தார். பிறர் ஆதரவில் சில ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆதரவும் நீடிக்கவில்லை. அதன்பின் அம்மையார் மக்களை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அந்நாளில் சென்னையில் நாராயண பிள்ளை என்னும் செல்வர் ஒருவர் வாழ்ந்தார். பவுனி என்னும் ஆங்கிலேயரிடம் துபாஷியாக இருந்தமையால் அவரைப் பவுனி நாராயண பிள்ளை என்றே ஊரார் வழங்கினர். தந்தையற்ற சிறுவனின் கூரிய அறிவைக் கண்ட அவர், அக்குடும்பத்திற்கு நிழல் தந்தார். எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் பச்சையப்பருக்குக் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் எத்தனையோ ஏழைச் சிறுவர்க்குக் கல்வி அளித்த பெரும்பொருளின் கதை, ஒருவர் ஒரு சிறுவனுக்குக் கல்வி அளித்ததில் தொடங்கியது.

துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழி அறிந்தவர் என்பது பொருள். ஆனால் அவர்தம் தொழில் மொழிபெயர்ப்போடு முடிவதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஆங்கிலேயர் நாட்டு வழக்கம் அறியார்; நெசவாளரையும் அறியார்; நாணய மாற்றும் அவர்க்கு விளங்காது. அவர்க்காகப் பொருள் கொள்வதும் விற்பதும், கடன் வாங்கித் தருவதும், கணக்கு வைப்பதும், நவாபின் அதிகாரிகளோடு பேசி முடிப்பதும் துபாஷியின் பணிகள். ஆங்கிலேயர் பலர் துபாஷியின் பணத்தைக் கொண்டே தம் வணிகத்தை நடத்தினர். கையில் முதல் இல்லாது கப்பலிலிருந்து இறங்கும் இளைஞனுக்குப் பொருளுதவி செய்து, அவன் பதவியில் உயர உயரத் தானும் உயர்ந்த துபாஷிகள் பலர். இத்தொழிலில் வஞ்சகம் செய்தாரும் குடிகளை வருத்தினாரும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. துபாஷிகளின் பெயர் அக்காலத்து ஆவணங்களில் நல்லதாக மட்டும் எழுதப்படவில்லை. அத்தகைய தொழிலில் நின்று, பச்சையப்பர் தம் சொல்லுக்கு மதிப்புத் தேடிக்கொண்டார் என்பதே அவரைப் பற்றிய செய்திகளால் அறியப்படுகிறது. சொன்ன நாளில் பணம் வரும் என்னும் நம்பிக்கையே வணிகனுக்கு முதல். அம்முதல் அவரிடம் குறைவின்றி இருந்தது.

அவர் வாழ்ந்த காலமோ கொடியது. செங்கற்பட்டுப் பகுதி 1763ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபு முகமது அலியால் கம்பெனிக்குச் சாகீராக வழங்கப்பட்டது. நவாபோ ஆங்கிலேயத் தனியாரிடம் பெருங்கடன் பட்டு, அதற்கு ஈடாகச் சீமையின் வரி வருவாயையே எழுதிக்கொடுத்து வந்தார். அரசு ஒருவருடையது, வரி மற்றொருவருடையது, கடன் வேறொருவருடையது என்று நாடு அல்லற்பட்ட வேளையில், 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் பெரும்படை கணவாய்களின் வழியே இறங்கிக் கருநாடகச் சீமையை எரித்தது. செங்கற்பட்டும் ஆற்காடும் பாழாயின. மரக்காணத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ள பெருமுக்கல் மலைக்கோட்டை 1782ஆம் ஆண்டில் ஐதரின் படைக்கும் அவரோடு சேர்ந்த பிரெஞ்சுப் படைக்கும் பணிந்தது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் உடைந்தன, உழவர் கலப்பையை விட்டு ஓடினர். பஞ்சத்தில் அடிபட்ட மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னையை நோக்கி வந்தனர். அவர்க்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட தொட்டியே பிற்காலத்தில் மணியக்காரர் சத்திரம் என்னும் பெயரால் நிலைத்தது.

பச்சையப்பர் அப்போது இருபத்தாறு வயதினர். பசித்து வந்த மக்களின் நிலையை அவர் சென்னைத் தெருக்களில் கண்டிருத்தல் வேண்டும். தாமும் ஒரு நாள் தாயின் கையைப் பற்றிக்கொண்டு அதே நகரத்திற்குப் புகலிடம் தேடி வந்தவர் அல்லரோ? அவர் தேடிய பொருள் எவ்வழியில் சென்றது என்று பார்த்தால், அதன் பெரும்பகுதி சோறாகவே மாறியதைக் காணலாம். சத்திரங்கள் எடுப்பித்து வழிப்போக்கர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்தார். கோயில்களில் நாள்வழிபாட்டுக்கும் விழாவுக்கும் பொருள் வைத்ததோடு, அவ்வழிபாட்டின் பின் ஏழைகளுக்கு உணவு கிடைக்கவும் வழி செய்தார்.

சென்னையில் அவர் கூவம் ஆற்றங்கரையில் உள்ள கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தார். காலையில் கூவத்தில் நீராடி, கரையில் உள்ள கோமளீசுவரர் கோயிலில் வழிபட்டுவிட்டே அலுவலைத் தொடங்குவது அவர்தம் வழக்கம். கூவம் இன்று எவ்வாறு உள்ளது என்பதை அறிந்தவர்க்கு இச்செய்தி வியப்பைத் தரும். அந்நாளில் அவ்வாறு நீராடுவதற்கு ஏற்ற தெளிந்த நீராகவே ஓடியது.

வணிகம் அவரைத் தெற்கே சோழநாட்டிற்கும் ஈர்த்தது. தஞ்சையில் மராட்டிய மன்னர் ஆண்ட காலம் அது. ஆண்டுதோறும் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காக அவ்வரசு பொருளுடையாரை நாடியிருந்தது. பச்சையப்பர் அப்பணத் தொடர்புகளில் பங்குகொண்டு தஞ்சைச் சீமையில் நெடுநாள் தங்கலானார். சென்னையிலிருந்து தஞ்சைக்குப் போகும் வழியில்தான் தில்லை உள்ளது. தில்லைக் கூத்தப்பெருமானிடம் அவர் கொண்ட ஈடுபாடு பெரிது. அக்கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணி அவர்தம் குடும்பத்தின் பெயரோடு சேர்த்தே இன்றும் நினைக்கப்படுகிறது. காஞ்சிபுரத்துக் கோயில்களிலும் அவர்தம் கொடைகள் உண்டு. சைவர் கோயில், வைணவர் கோயில் என்னும் வேறுபாட்டை அவர் தம் அறத்தில் பாராட்டவில்லை.

நாற்பது வயது நிரம்பும் நிலையில் பச்சையப்பரை நோய் பற்றிக்கொண்டது. உடல் தேறாது என்று அவர் உணர்ந்தார். 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள், சோழநாட்டில் தங்கியிருந்தபோதே, தம் உயிலை எழுதுவித்தார். தம் பொருளை இறைப்பணிக்கும் அறப்பணிக்கும் உரியதாக்கி, அதனை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடம் ஒப்படைத்தார். அதன்பின் ஒன்பதே நாள்கள் அவர் வாழ்ந்தார். மார்ச்சு 31ஆம் நாள் காவிரிக்கரைத் திருவையாற்றில் அவர் உயிர் பிரிந்தது.

உயில் என்பது அக்காலத்து இந்துக் குடும்பங்களுக்குப் பழக்கமற்ற ஒன்று. ஒருவன் இறந்தால் பொருள் மைந்தர்க்கும் உடன்பிறந்தார்க்கும் செல்லும். அவ்வழக்கை மாற்றித் தன் விருப்பத்தை எழுத்தில் வைத்துச் செல்வது ஆங்கிலேயர் முறை. இந்தியர் ஒருவர் தம் பெருஞ்செல்வத்தை அறத்திற்காக அம்முறையில் எழுதிவைத்தது பச்சையப்பர் காலத்தில் புதுமையானது. ஏறத்தாழ ஓர் இலட்சம் வராகன் அதன்படி அறத்திற்கு உரியதாயிற்று. ஒரு நட்சத்திர வராகன் மூன்றரை ரூபாய்க்கு நிகர். ஆதலின் அத்தொகை மூன்றரை இலட்சம் ரூபாய் ஆகும். சில ரூபாய்க்கு ஒரு குடும்பம் ஒரு திங்கள் வாழ்ந்த காலத்தில் அது எத்துணைப் பெரிய தொகை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காசி முதலாகத் தென்கோடித் தலங்கள் வரை அவர் குறித்த அறங்கள் பரவியிருந்தன.

எழுதிவைத்தல் எளிது, எழுதியபடி நடத்தல் அரிது. பச்சையப்பர் கண்மூடியதும் அவர்தம் செல்வத்தைச் சுற்றி வழக்குகள் எழுந்தன. உறவினர் உரிமை கோரினர். பொறுப்பு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறிற்று. பொருள் எங்கே உள்ளது, யாரிடம் கடனாக நிற்கிறது, வட்டி எவ்வளவு என்னும் கணக்குகள் குழம்பின. ஆண்டுகள் ஓடின, சத்திரத்தில் அடுப்பு எரியவேண்டிய பொருள் வழக்காடுவோர் கைகளில் கரையத் தொடங்கியது. உயிலை எழுதிய வள்ளலை அறிந்தவர் ஒவ்வொருவராக மறைந்தனர். அப்பொருள் உப்பளத்து உப்பைப் போலக் கரைந்து மறைந்திருந்தால், அக்காலத்துச் செல்வர் பலருடைய பெயரைப் போலப் பச்சையப்பர் பெயரும் மறைந்தே போயிருக்கும். அந்நாளில் அவரினும் பொருள் மிக்க துபாஷிகள் இருந்தனர். அவர்களுள் பலருடைய பெயர் இன்று சென்னைத் தெருக்களின் பெயர்ப்பலகைகளில் மட்டுமே உள்ளது. சிலருடைய பெயர் அங்கும் இல்லை.

சென்னையில் 1801ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஏற்பட்டது. அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த எர்பர்ட்டு காம்டன் என்பார், அறத்திற்கு உரிய இப்பொருள் சிதைவதைக் கண்டு, அதனை மீட்கும் பொருட்டு அந்நீதிமன்றத்தின் துணையை நாடினார். அறக்கொடைப் பொருளுக்கு உரியவர் ஒருவரும் நேரில் வந்து கேட்பதில்லை. கஞ்சி கிடைக்காத ஏழை வழக்குத் தொடுக்க மாட்டான். ஆதலின் அவர் சார்பில் அரசே வாதாட வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. காம்டனுக்குப் பின் அப்பதவிக்கு வந்த சார்சு நார்ட்டன் அம்முயற்சியை விடாது நடத்தினார். 1832ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் தீர்ப்புக் கிடைத்தது. வள்ளல் இறந்து அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மீட்ட பொருளைக் கணக்கிட்டபோது ஒரு வியப்பு வெளிப்பட்டது. செலவிடப்படாது நின்ற காலத்து வட்டியெல்லாம் சேர்ந்து, அசல் தொகை இரு மடங்கு அளவுக்குப் பெருகியிருந்தது. ஏழு இலட்சம் ரூபாய்க்கும் மேற்பட்டது. உயிலில் குறித்த கோயில் வழிபாடுகளுக்கும் அன்னதானங்களுக்கும் நான்கரை இலட்சம் ரூபாயை நீதிமன்றம் ஒதுக்கிற்று. அவ்வறங்கள் மீண்டும் தவறாமல் நடைபெறும் பொருட்டு, அவற்றின் விவரம் சில கோயில்களில் கல்லிலும் பொறிக்கப்பட்டது. எஞ்சிய பொருளை என் செய்வது என்னும் வினா எழுந்தது. அதனைக் கல்விக்குப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று.

இங்கே ஒன்றை மறவாது குறித்தல் வேண்டும். ஆங்கிலப் பள்ளி வைக்கவேண்டும் என்று பச்சையப்பர் எழுதியவர் அல்லர். அவர்தம் மனத்தில் முன்னின்றவை வழிபாடும் அன்னமும் சாத்திரக் கல்வியும் பொதுவான நற்செயல்களுமே. பள்ளி என்னும் எண்ணம் அவர் இறந்தபின் வந்தோரின் எண்ணம். ஆயினும் அது அவர் உள்ளத்திற்கு மாறானது என்றும் சொல்வதற்கில்லை. ஒருவர் கற்பித்த ஆங்கிலமும் கணக்குமே அவரை வறுமையிலிருந்து தூக்கி நிறுத்தின. அதே ஆங்கிலமும் கணக்கும் அவர் பொருளால் மற்ற ஏழைகளுக்குக் கிடைப்பது பொருத்தமானதே.

காலமும் அதற்கு ஏற்றதாக இருந்தது. சென்னையில் கிறித்தவத் தொண்டர்கள் பள்ளிகள் நிறுவி ஆங்கிலம் கற்பித்து வந்தனர். இசுகாத்துலாந்துச் சபையார் 1837ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. உயர்ந்த கல்விக்கு அரசு வழி செய்தல் வேண்டும் என்று 1839ஆம் ஆண்டில் எழுபதினாயிரம் மக்கள் ஒப்பமிட்டு, ஆளுநர் எல்பின்சுடனிடம் விண்ணப்பம் தந்தனர். அம்முயற்சியிலும் நார்ட்டன் முன்னின்றார். அதன் பயனாக 1841ஆம் ஆண்டில் தோன்றிய அரசு உயர்பள்ளியே பிற்காலத்து மாநிலக் கல்லூரி. ஆனால் அங்கே கட்டணம் செலுத்த வல்லவர்க்கே இடம். தொண்டர்களின் பள்ளிக்கு மக்களை அனுப்பச் சிலர் தயங்கினர்; அரசுப் பள்ளிக்கு அனுப்பப் பலரிடம் பொருள் இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே நின்ற ஏழைச் சிறுவர்க்காக, 1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சென்னைக் கறுப்பர் நகரத்தில் பச்சையப்பர் பெயரால் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. ஆங்கிலமும் தொடக்க அறிவியலும், அவற்றோடு தமிழும் தெலுங்கும் கற்பிக்கப்பட்டன. அதனை நடத்தும் பொறுப்பு நகரத்து இந்துப் பெருமக்களைக் கொண்ட அறங்காவலர் குழுவிடம் அளிக்கப்பட்டது. அரசும் நடத்தாமல், அயல்நாட்டுச் சபையும் நடத்தாமல், இந்நாட்டவரே இந்நாட்டுப் பொருளால் நடத்திய புதுமுறைப் பள்ளிகளுள் அது முன்னோடியாக நின்றது.

பள்ளிக்கு ஒரு நல்ல கட்டடம் வேண்டும் என்று அறங்காவலர் கருதினர். 1846ஆம் ஆண்டில் சீனக் கடைத்தெருவில் அடிக்கல் நாட்டப்பட்டது. கிரேக்க நாட்டு ஏதென்சு நகரில் உள்ள பழங்கோயில் ஒன்றை மாதிரியாகக் கொண்டு, உயர்ந்த தூண்களோடு அம்மண்டபம் எழுந்தது. 1850ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. வண்டிகளும் சந்தை இரைச்சலும் நிறைந்த தெருவின் நடுவே, படிகள் ஏறிச் செல்லும் அம்மண்டபத்தில் பாடங்களோடு பொதுக்கூட்டங்களும் நிகழ்ந்தன. அரசியற் கூட்டங்களும் அறிஞர் சொற்பொழிவுகளும் நிகழ்வதற்கு வேறு மண்டபங்கள் மிகுதியாக இல்லாத காலத்தில், சென்னை நகரம் தன் கருத்தைக் கூடிப் பேசிய இடங்களுள் பச்சையப்பர் மண்டபமும் ஒன்று.

பள்ளி வளர்ந்து, 1889ஆம் ஆண்டில் பட்டப் படிப்பு உடைய கல்லூரியாயிற்று. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் பச்சையப்பர் பெயரால் பள்ளிகள் ஏற்பட்டன. அவர் வழிபட்ட தலங்களே அவர் பெயரால் கல்வி வழங்கும் இடங்களும் ஆயின. கடைத்தெருவின் நெருக்கடியில் மாணவர் தொகை மிகவே, 1940ஆம் ஆண்டில் கல்லூரி சேத்துப்பட்டில் உள்ள பரந்த வளாகத்திற்கு மாறிச் சென்றது.

அக்கல்விக்கூடங்களில் தமிழ் நன்கு வளர்ந்தது. அபிதான சிந்தாமணி என்னும் பெருநூலைத் தனியொருவராக முயன்று தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார், பச்சையப்பர் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். அந்நூல் 1910ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. டாக்டர் மு. வரதராசனார் 1939ஆம் ஆண்டில் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே தமிழ் பயிற்றினார். அவர்தம் மாணவராதலை ஒரு பேறாகக் கருதி ஊர்தோறும் இருந்து இளைஞர் வந்தனர்.

கணித மேதை இராமானுசன் 1906ஆம் ஆண்டில் இக்கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் மட்டும் உள்ளம் தோய்ந்து, மற்றப் பாடங்களைப் புறக்கணித்தமையால் அவர் தேர்வில் வெற்றி பெறவில்லை. தேர்வு அவரை அளக்கவில்லை என்று உலகம் அறிந்தது சில ஆண்டுகள் கழித்தே. காஞ்சிபுரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, அவ்வூர்ப் பச்சையப்பர் பள்ளியிலும் பின்னர்ச் சென்னைப் பச்சையப்பர் கல்லூரியிலும் பயின்றவர். படிப்பை நடுவே நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகவும் பணியாற்றிய அவர், மீண்டும் கல்லூரி புகுந்து உயர்பட்டம் பெற்றார். 1967ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். தாய் ஒருத்தி பெரியபாளையத்தில் அடைந்த துயரத்திற்கும் இதற்கும் இடையே நீண்டு கிடக்கும் தொடர்பை எண்ணுவோர்க்கு, பொருள் என்பதன் போக்கு விளங்கும்.

இவ்வளவும் கூறியபின், குறை ஒன்றையும் கூறாது விடுதல் முறையன்று. இக்கல்லூரி நெடுங்காலம் இந்து மாணவர்க்கு மட்டுமே இடம் தந்தது. உயிலின் சொற்களையும் நீதிமன்றத் திட்டத்தையும் காட்டி அக்கட்டுப்பாடு காக்கப்பட்டது. பசித்தவன் எக்குலத்தான் என்று கேளாத அன்னத்திற்குப் பொருள் வைத்தவரின் பெயரால் கல்விக்கு வேலி இருந்தது பொருந்தாது என்று பலர் உணர்ந்தனர். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் அவ்வேலி நீங்கி, எல்லாச் சமயத்தார்க்கும் கல்லூரி திறந்தது. அறக்கட்டளையின் நிருவாகமோ பிற்காலத்திலும் நீதிமன்றப் படிகளில் ஏற நேர்ந்ததுண்டு. பெரும்பொருள் உள்ள இடத்தில் பெருங்காவலும் வேண்டும் என்பதைக் காம்டனும் நார்ட்டனும் அறிந்திருந்தனர். அக்காவல் ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அன்று.

பச்சையப்பரின் கொடை மற்றவர் கொடைகளையும் ஈர்த்தது. தம் பொருளைத் தனியே நிருவகிக்க அஞ்சிய செல்வர் சிலர், அதனை இவ்வறங்காவலரிடமே ஒப்படைத்தனர். சி. கந்தசாமி நாயுடு என்பாரின் கொடையால் எழுந்த ஆடவர் கல்லூரி சென்னையிலும், மகளிர் கல்லூரி கடலூரிலும் இவ்வறக்கட்டளையின் கீழ் அமைந்தன. சென்னையில் செல்லம்மாள் பெயரால் மகளிர் கல்லூரி ஒன்று எழுந்தது. காஞ்சிபுரத்திலும் ஆடவர்க்கும் மகளிர்க்கும் கல்லூரிகள் ஏற்பட்டன.

சீனக் கடைத்தெருவின் பெயர் நேதாசி சுபாசு சந்திரபோசு சாலை என்று மாறிவிட்டது. கிரேக்கத் தூண்களை உடைய பச்சையப்பர் மண்டபம் அங்கே கடைகளுக்கு நடுவே நிற்கிறது. தெற்கே அதே கடற்கரையில், மரக்காணத்து உப்பளங்களையும் புதுச்சேரியையும் கடந்தால் வருவது கடலூர். உவர்நிலத்தில் பலகை பிடித்து உழைப்போரும், வலை வீசுவோரும், நெசவு செய்வோரும் வாழும் அக்கரையோரத்து ஊர்களின் பெண்மக்கள் படிப்பதற்கு அங்கே உள்ள கல்லூரிகளுள் ஒன்று, 1794ஆம் ஆண்டில் திருவையாற்றில் இறந்த அவ்வணிகரின் அறக்கட்டளையைச் சேர்ந்தது.